பாளையக்காரரும் காரீயக் குண்டும்



ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி செல்லும் சாலையில் சிறிது தொலைவு சென்றால் விருப்பாட்சி என்னும் ஊர் வரும். மலைவாழைப் பழத்தால் அவ்வூரின் பெயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வரலாறு பயின்றோர்க்கோ அது கோபால நாயக்கரின் பாளையம். கணவரை இழந்து நாட்டையும் இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் 1772-க்குப் பின் அடைக்கலம் பெற்ற ஊரும் அதுவே. 1800-ஆம் ஆண்டில் தென்னாட்டுப் பாளையக்காரர் பலர் கும்பினியாருக்கு எதிராக ஒன்றுகூடித் திட்டமிட்டபோது, அதன் ஒரு மையமாக விளங்கியதும் இந்த விருப்பாட்சிதான்.

இந்தப் பாடத்தை நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பாடம் முடிந்தவுடன் ஒரு மாணவராவது எழுந்து நின்று, “ஐயா, நம்மவர் வீரத்தில் குறைந்தவர் அல்லரே, பின் ஏன் தோற்றார்கள்?” என்று கேட்காமல் இருந்ததில்லை. இக்கேள்விக்கு இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். ஒன்று, காட்டிக்கொடுத்தவர்களால் தோற்றார்கள் என்பது. அதில் ஓரளவு உண்மை உண்டு. மற்றொன்று, நம்மவர் கையில் வாளும் வேலும் இருந்தன, வெள்ளையர் கையில் துப்பாக்கி இருந்தது என்பது. நாடகங்களும் திரைப்படங்களும் நம் மனத்தில் பதித்துவிட்ட இந்த இரண்டாம் விடை பெரும்பகுதி பிழையானது. பாளையக்காரர்களிடம் நீண்ட ஈட்டிகள் இருந்தன. அவற்றோடு துப்பாக்கிகளும் இருந்தன. அப்படியாயின் வேறுபாடு எங்கே இருந்தது? அதனைக் காண, அரைநெல்லிக்காய் அளவேயுள்ள ஒரு சிறு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். அதுதான் காரீயக் குண்டு.

அக்காலத் துப்பாக்கி என்பது ஒருபுறம் அடைத்த இரும்புக் குழல். இன்றுபோல் குண்டும் மருந்தும் பித்தளைக் கூட்டுக்குள் அடைபட்டு ஆலையிலிருந்து வருவதில்லை. சுடுபவனே தன் கையால் ஒவ்வொரு முறையும் மருந்திட்டாக வேண்டும். குழலின் வாய்வழியே வெடிமருந்தை அளந்து கொட்டி, அதன்மேல் குண்டை இட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்கிப் பின்னர் நெருப்பு வைப்பான். நெருப்பு வைக்கும் முறையில் இரு வகை உண்டு. நம் நாட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை எரிந்துகொண்டே இருக்கும் திரியால் பற்றவைக்கப்படுபவை. கும்பினிப் படையினரின் ‘மஸ்கெட்’ துப்பாக்கியில், சிக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி பறக்கும். மழைக்காலத்தில் இரண்டுமே தொல்லைதான். ஆயினும் திரியின் தொல்லை மிகுதி.

இனிக் குண்டைப் பார்ப்போம். ஈயம் என்றவுடன் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்தை நினைக்கவேண்டா. அது வெள்ளீயம். குண்டுக்கு உரியது காரீயம். நீரைப்போல் பதினொரு மடங்குக்குமேல் கனமுடையது. ஆனால் நகத்தால் கீறத்தக்க மென்மை உடையது. இரும்பை உருக்க 1,500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். காரீயமோ 327 பாகையிலேயே உருகி ஓடும். எனவே ஊர்க் கொல்லரின் உலையிலும், ஏன், விறகடுப்பிலும்கூட அதனை உருக்க இயலும். அகப்பையால் மொண்டு, குறடு போன்ற இருபிளவு அச்சில் ஊற்றி, ஆறியபின் திறந்தால் உருண்டைக் குண்டு கிடைக்கும். ஊற்றுவாயில் நீண்டு நிற்கும் வாலை நறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பெரும் ஆலை எதுவும் இல்லாமலே ஒரு சிற்றூர் தனக்கு வேண்டிய குண்டுகளைத் தானே வார்த்துக்கொள்ள முடிந்தது என்பதை மறவாதீர்கள். ஒரு பேரரசை ஒரு பாளையம் எதிர்த்து நிற்க முடிந்ததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் வார்ப்பது எளிது. ஒரே அளவில் வார்ப்பதுதான் அரிது. குண்டு குழலைவிடப் பெரிதாயின் பாதிவழியில் சிக்கிக்கொள்ளும். மிகச் சிறிதாயின், வெடித்த மருந்தின் ஆவி குண்டின் பக்கங்களில் கசிந்து வீணாகும்; குண்டும் குழலுக்குள் அங்குமிங்கும் தட்டிச் சென்று குறிதவறும். மருந்தின் அளவும் அத்தகையதே. ஒரு சிட்டிகை குறைந்தால் குண்டு இலக்கை எட்டாது. மிகுந்தால் தோளை உதைக்கும். மிகமிகக் கூடினால் குழலே பிளந்து சுட்டவனையே மாய்க்கும்.

நம் நாட்டுத் துப்பாக்கிகளின் குழல்கள் ஊர்தோறும் வெவ்வேறு கொல்லரால் அடிக்கப்பட்டவை. ஒன்றின் வாய் ஓர் அளவு. மற்றொன்றின் வாய் வேறோர் அளவு. ஆதலால் ஒருவன் வார்த்த குண்டு பக்கத்தில் நிற்பவனுக்குப் பயன்படும் என்னும் உறுதி இல்லை. அவன் விழுந்துவிட்டால் அவன் பையிலிருந்த குண்டுகளும் அவனோடு வீணாகக்கூடும். தனித்தனியே பார்த்தால் நம் வீரர்களுள் தேர்ந்தவர்கள் குறிபார்த்துச் சுடுவதில் கும்பினிச் சிப்பாய்க்கு இளைத்தவர் அல்லர். படையாகச் சேர்ந்து நிற்கும்போதுதான் இக்குறை வெளிப்பட்டது.

கும்பினிப் படையின் முறை வேறு. அவர்களுடைய மஸ்கெட்டின் குழல்வாய் ஏறத்தாழ முக்கால் அங்குலம். அதற்குரிய குண்டு அதைவிடச் சற்றே சிறியது. ஒரு பவுண்டு காரீயத்தில் ஏறக்குறைய 14 குண்டுகள் வார்த்தார்கள். ஒரு முறைக்கு வேண்டிய மருந்தையும் ஒரு குண்டையும் தாளில் சுருட்டிப் பொட்டலங்களாக முன்கூட்டியே கட்டிவைத்தார்கள். சிப்பாய் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைத் தாளோடு இடித்துவிட்டால் போதும். பயிற்சி பெற்றவன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான். குண்டு சற்றுச் சிறியதாக இருந்ததால் குறி அத்துணைச் செம்மையாக இராது. ஆனால் நூறு பேர் ஒரே சமயத்தில் சுடும்போது அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. ஒருவன் பொட்டலம் மற்றவனுக்குப் பொருந்தும். சென்னையில் கட்டியது திண்டுக்கல்லில் வெடிக்கும்.

குண்டுகளின் எண்ணிக்கையால் துப்பாக்கியை அளக்கும் அப்பழைய வழக்கம் இன்றும் மறையவில்லை. ‘பன்னிரண்டு போர்’ துப்பாக்கி என்று காவல்துறைச் செய்திகளில் படிக்கிறீர்கள் அல்லவா? ஒரு பவுண்டு காரீயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று அக்குழலின் வாய்க்குச் சரியாக இருக்கும் என்பதே அப்பெயரின் பொருள்.

இந்த அளவைக் கலையை அறிவியலாக ஆக்கியவர் ஒருவர் நம் தமிழ்க் கடற்கரையிலேயே உயிர் நீத்தார் என்பது உங்களுள் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம். பெஞ்சமின் ராபின்ஸ் என்பது அவர் பெயர். 1707-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், கணித வல்லுநர். துப்பாக்கிக் குண்டு எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதை அவர் காலம்வரை ஒருவரும் செம்மையாக அளந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாததை எங்ஙனம் அளப்பது?

ராபின்ஸ் கண்ட வழி மிக எளியது. கனமான ஒரு மரப்பலகையை ஊஞ்சல்போல் தொங்கவிட்டார். அதன்மேல் குண்டைச் சுட்டார். குண்டு பலகையில் பதிந்தவுடன் பலகை பின்னோக்கி ஆடியது. எவ்வளவு தூரம் ஆடியது என்பதை ஒரு நாடாவால் அளந்தார். பலகையின் எடை, குண்டின் எடை, ஆடிய தூரம் ஆகியவற்றிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். எளிமையாக்கி ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தாளில் போட்டுப் பாருங்கள். பலகை குண்டைப்போல் 671 மடங்கு எடையுள்ளது என்று கொள்வோம். குண்டு பதிந்தபின் இரண்டும் சேர்ந்து வினாடிக்கு இரண்டரை அடி வேகத்தில் நகர்ந்தால், குண்டு வந்த வேகம் 672-ஐ இரண்டரையால் பெருக்கிய தொகை. அதாவது வினாடிக்கு 1,680 அடி. ராபின்ஸ் மஸ்கெட் குண்டுகளுக்குக் கண்ட வேகமும் இதனை ஒட்டியதே. அவருடைய நூல் 1742-இல் வெளிவந்தது. மாபெரும் கணித மேதையாகிய ஆய்லர், 1745-இல் அதனை விளக்கவுரையோடு ஜெர்மன் மொழியில் வெளியிட்டார் என்றால் அதன் சிறப்பு விளங்கும்.

ராபின்ஸ் மற்றோர் உண்மையையும் கண்டார். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 1,100 அடி, அதாவது 340 மீட்டர் செல்கிறது. குண்டின் வேகம் இதற்குக் கீழே இருக்கும்வரை காற்றின் தடை அளவாக இருக்கிறது. ஒலியின் வேகத்தை நெருங்கிக் கடக்கும்போதோ அத்தடை திடீரென மிகுகிறது. ஆகவே மருந்தை அள்ளி அள்ளிப் போட்டுப் பெற்ற மிகை வேகத்தைக் காற்று விரைவில் பறித்துக்கொள்ளும். மிகுந்த மருந்து மிகுந்த பயன் தருவதில்லை என்று அவர் எடுத்துரைத்தார். வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது ‘சடார்’ என ஓர் ஓசை கேட்கிறதே, அதுவும் சாட்டையின் நுனி ஒலியை விஞ்சி ஓடுவதால் எழுவதே.

ராபின்சின் இவ்வுண்மை பழங்கதை ஆகிவிடவில்லை. 2024-ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் மகாராட்டிர வீரர் சுவப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் பெற்றாரல்லவா? அவ்வகைப் போட்டிகளில் இலக்குச் சுடுவதற்கென்றே செய்யப்படும் சிறு காரீயக் குண்டுகள் பொதுவாக ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்திலேயே செல்லுமாறு மருந்து அளக்கப்படுகின்றன. ஒலியின் வேகத்தைக் கடக்கும் இடத்தில் குண்டு அலைக்கழிக்கப்படுவதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். பத்து மீட்டருக்கோ ஐம்பது மீட்டருக்கோ குண்டை ஒரே புள்ளியில் சேர்ப்பது வேகத்தின் வேலையன்று. ஒவ்வொரு குண்டும் முந்திய குண்டைப் போலவே இருப்பதன் பயன்.

கிழக்கிந்தியக் கும்பினி ராபின்சைத் தன் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750-இல் அவர் கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மீளப் பெற்றிருந்த காலம் அது. அக்கோட்டைகளை வலுப்படுத்தத் திட்டம் வரைந்துகொண்டிருக்கையில் காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29 அன்று அங்கேயே மறைந்தார். அவர் காக்க வந்த கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-இல் கைப்பற்றித் தகர்த்தார். மனிதரும் மதிலும் மறைந்தாலும், அளந்து பார்த்துத்தான் நம்பவேண்டும் என்னும் அவருடைய முறை நிலைத்துவிட்டது.

இம்முறையின் அருமையை நம் நாட்டாரும் உணராமல் இல்லை. ராபின்ஸ் மறைந்து நான்கே ஆண்டுகளில், 1755-இல், மைசூர்த் தளபதி ஹைதர் அலி திண்டுக்கல்லின் பொறுப்பேற்று வந்தார். எழுதப் படிக்க அறியாதவர் எனினும் காலத்தின் போக்கை நன்கு படித்தவர். திருச்சிராப்பள்ளி, புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து கைவினைஞர்களைத் திரட்டி, பிரெஞ்சு வல்லுநரின் மேற்பார்வையில் திண்டுக்கல்லில் ஆயுதச் சாலையும் மருந்துச் சாலையும் அமைத்தார். பின்னாளில் கும்பினியாரைச் சென்னையின் வாயில்வரை சென்று நடுங்கவைத்த மைசூர்ப் படையின் பீரங்கிப் பிரிவுக்கு நாற்றங்கால் இந்தத் திண்டுக்கல் மலையடிவாரமே. நம்மவரால் இயலாது என்பதன்று. முயன்ற இடத்தில் இயன்றது.

அதே திண்டுக்கல்லில் 1790-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த முற்றுகை மற்றொரு பாடத்தைத் தருகிறது. கர்னல் ஸ்டுவர்ட் தலைமையில் வந்த கும்பினிப் படை மலைக்கோட்டையைப் பீரங்கியால் தாக்கியது. மதிலில் சரியான திறப்பு விழுவதற்குள் கொண்டுவந்த மருந்தும் குண்டுகளும் தீரும் நிலையை அடைந்தன. வேறு வழியின்றி அரைகுறைத் திறப்பின் வழியே ஏறிப் பாய்ந்தார்கள். கோட்டையினர் அவர்களை விரட்டியடித்தனர். ஆயினும் மறுநாளே கோட்டையினர் சரணடைந்துவிட்டனர்! பகைவனிடம் மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தால் திண்டுக்கல்லின் வரலாறே சிறிது மாறியிருக்கக்கூடும். 1792-இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் கும்பினியாருக்கே உரியதாயிற்று. போரில் கையிருப்பின் கணக்கு எத்துணை முதன்மையானது என்பதற்கு நம் ஊரைவிட வேறு சான்று வேண்டுமோ?

இந்தக் கையிருப்புக் கணக்கோடு பாளையக்காரர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வெடிமருந்துக்கு வேண்டியவை மூன்று. வெடியுப்பை நம் ஊர் உவர்மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி எடுக்கலாம். கரியைத் துவரைமாரிலிருந்தோ எருக்கிலிருந்தோ சுட்டுக்கொள்ளலாம். மூன்றாவதாகிய கந்தகமோ நம் சமவெளியில் கிடைப்பதன்று. குண்டுக்குரிய காரீயத்துக்கும் நம் வட்டாரத்தில் சுரங்கம் இல்லை. இரண்டும் பெரும்பாலும் கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கின. துறைமுகங்களோ ஐரோப்பியர் கையில் இருந்தன. வீட்டு அடுப்பிலேயே குண்டு வார்க்கலாம் என்று முன்பு சொன்னேன். உண்மைதான், ஆனால் அடுப்பில் வைப்பதற்குக் காரீயம் வேண்டுமே!

1799-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. கட்டபொம்மன் அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1800 ஜூன் மாதத்தில் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கும் முயற்சி தோல்வியுற்றது. 1801-இல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிவந்து, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களிலேயே மீண்டும் எழுப்பினார். மார்ச்சு 31 அன்று மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதலை, பெரிய பீரங்கிகள் இல்லாமலே ஈட்டியாலும் துப்பாக்கியாலும் அம்மண்கோட்டையினர் முறியடித்தனர். அது வீரத்தின் வெற்றி. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். கும்பினியார் அவசரப்படவில்லை. பிற ஊர்களிலிருந்து பெரும் பீரங்கிகளும் புதுப் படைகளும் மருந்தும் குண்டும் வந்து சேரும்வரை ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தனர். மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. காத்திருந்த ஒவ்வொரு நாளும் அவர்களுடைய சேமிப்பு வளர்ந்தது. உள்ளே இருந்தவர்களின் சேமிப்பு வளர வழியில்லை.

அதே 1801-இல் விருப்பாட்சியும் வீழ்ந்தது. கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்குமேடை ஏறினர். போர் முடிந்தவுடன் வெற்றி பெற்றவர் முதலில் செய்தது என்ன? 1801 டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டுப் பாளையக்காரர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தார். துப்பாக்கியோடு குண்டு வார்க்கும் கலையும் நம் ஊர்களிலிருந்து மெல்லமெல்ல மறைந்தது. வேட்டைக்கும் வயற்காவலுக்கும் எஞ்சியிருந்த துப்பாக்கிகளும் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் உரிமம் பெற்றவர் கைக்கு ஒடுங்கின.

இங்கே இளைஞர்களாகிய உங்களுக்கு ஒரு சொல். இவ்வுரையைக் கேட்டுவிட்டுக் குண்டு வார்த்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் எழவேண்டா. விடுதலை பெற்ற இந்தியாவின் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமமின்றித் துப்பாக்கியோ குண்டோ செய்வதைக் குற்றம் என்கிறது. காரீயத்தின் ஆவியும் தூசும் உடலுக்கு நஞ்சு. இலக்குச் சுடும் கலையில் விருப்பமுடையோர் முறையான சங்கங்களில் சேர்ந்து பயிலலாம். நான் உங்களிடம் எதிர்பார்ப்பது வேறு.

நம் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு நாள்தோறும் உழவர் பலர் முருங்கையும் தக்காளியும் கொண்டு வருகின்றனர். கேரள நாட்டிலிருந்து வணிகர் வந்து வாங்கிச் செல்கின்றனர். ஒருவரை ஒருவர் முன்பின் அறியாத அவர்களைச் சேர்த்துவைப்பது எது? இங்கே ஒரு கிலோ என்றால் அங்கேயும் ஒரு கிலோ என்னும் நம்பிக்கைதான். தராசில் உள்ள அந்த ஒற்றுமை அன்று பாளையங்களுக்குள் இல்லை. ஒரு பாளையத்தின் குண்டு மறு பாளையத்தின் குழலுக்குப் பொருந்தவில்லை. அவர்களுடைய கூட்டணியிலும் அதே குறைதான் இருந்தது. ஒருவர் எழுந்தபோது மற்றவர் ஆயத்தமாக இல்லை. மற்றவர் எழுந்தபோது முதல்வர் வீழ்ந்திருந்தார். இதனைச் சொல்வதால் அவர்களுடைய புகழ் சிறிதும் குன்றாது. இத்துணைக் குறைகளோடும் அவர்கள் எதிர்த்து நின்றார்கள் என்பதை உணரும்போதுதான் அவ்வீரத்தின் முழு அளவு நமக்குத் தெரிகிறது.

ஆகவே, நம்மவர் ஏன் தோற்றார்கள் என்று உங்களை யாரேனும் கேட்டால், வீரம் போதவில்லை என்று சொல்லாதீர்கள். துப்பாக்கி இல்லை என்றும் சொல்லாதீர்கள். ஒரே அளவும், குறையாத சேமிப்பும், சேர்ந்து எழும் காலமும் அமையவில்லை என்று சொல்லுங்கள். இம்மூன்றும் பிறவியில் வருவன அல்ல, பயிற்சியால் வருவன. உங்கள் ஆய்வுக்கூடத்தில் தராசைக் கையில் எடுக்கும்போது முள் சரியாக நடுவில் நிற்கிறதா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். விருப்பாட்சியில் வீழ்ந்தவர்களுக்கு நம் தலைமுறை செலுத்தத்தக்க நன்றிகளுள் அதுவும் ஒன்று.